பெட்டிப் பலகைக் கோழிக்கூடு

1

கோழிக்கூட்டின் கால்களை மண்ணில் நட்டுவிடுவதா, வெறுமனே நிறுத்திவைப்பதா என்று தச்சர் கன்னியப்பன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆயுள் முழுவதும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்கு ஒரு வாரம் அதிகமில்லை. இதைவிடச் சிறிய கேள்விகளை நான் வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்கிற உங்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. உங்கள் வளவு உங்களுடையது. நினைத்த இடத்தில் குழி தோண்டலாம். மயிலாப்பூருக்கும் சாந்தோம் கடற்கரைக்கும் நடுவில் வாடகை வீட்டில் இருக்கிறவன் ஒரு குச்சியை நடுவதென்றாலும் யோசிக்க வேண்டும். யோசிக்க வேண்டியது வீட்டுக்காரரைப் பற்றி மட்டுமல்ல என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

மலாயாவில், தைப்பிங்கில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்சன் பெற்று, மனைவி பூரணத்தையும் மகள் செல்லத்தையும் அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பப் புறப்பட்டேன். மகளின் படிப்புக்காக ஒரேயொரு வருஷம் சென்னையில் தங்கிவிட்டுப் போகலாம் என்று நடுவழியில் இறங்கினோம். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. பாவாடை கட்டிக்கொண்டு இறங்கிய செல்லம் இப்போது சேலை கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போகிறாள். ஒவ்வொரு தை மாதமும் நான் பூரணத்திடம், "வாற வைகாசியிலை போயிடுவம்" என்று சொல்லிவந்தேன். முதலில் அவள், "எந்தத் தேதி?" என்று கேட்டாள். பிறகு, "ஓம்" என்றாள். போன தையில் அதுவுமில்லை. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

2

கோழி வந்தது மீன்காரி மரியம்மாளால். குப்பத்திலிருந்து கூடையோடு வருகிறவள் ஒரு நாள் அடைக்கோழி ஒன்றையும் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"யம்மா, இத்த நீ வச்சுக்கோ. எங்க குப்பத்துல நாய்த் தொல்ல. உன் ஊட்ல மதிலு கீது, கதவு கீது. பொரிச்சதும் எனுக்கு ஒரு சேவக்குஞ்சு குடு, போதும்."

பூரணம் மலாயாவில் இருந்த காலம் முழுவதும் கோழி வளர்த்ததில்லை. தைப்பிங்கிலும் பின்னால் இடமிருந்தது. "ஊருக்குப் போய் வளர்ப்பம்" என்பாள். சென்னை வந்த பிறகும் அதையேதான் சொன்னாள். மரியம்மாள் அன்று கோழியை நீட்டியபோது அவள் அதைச் சொல்லாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்து, செலவு அதிகமில்லாத பொழுதுபோக்கு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். என் மனம் குறிப்பெழுதும் விதம் அப்படி.

உடைந்த பனையோலைக் கடகம் ஒன்றில் கடற்கரை மணலைப் பரப்பி, வைக்கோல் போட்டு, ஒற்றைப்படையில் முட்டைகளை வைத்தாள். இடி இடித்தால் முட்டை கூழாகாமல் இருக்க ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் ஓரத்தில் செருகினாள். நம்மூர் வழக்கம். மரியம்மாள் பார்த்துவிட்டு, "எங்கள்லயும் இப்டித்தான்" என்றாள். இரண்டு ஊரும் ஒத்துப்போன மிகச் சில விஷயங்களில் அது ஒன்று.

ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. பொரித்த மறுவாரம் நான் பின்பக்கத்து மதில் கதவைத் திறந்துகொண்டு கடற்கரைக்கு உலாவப் போனேன். திரும்பி வரும்போது தாய்க்கோழி இல்லை. சில இறகுகள் கிடந்தன. தெருநாய் ஒன்று சாவதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. வெளியே போகிறவன் உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டு அதைப் போடச் சொல்ல வேண்டும். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் எந்த மேசைக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு குரல் கொடுக்கத் தெரியவில்லை.

பூரணம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், கணக்கு முடிந்திருக்கும். அவள் குஞ்சுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அரிக்கன் லாம்பைத் திரியைக் குறைத்து ஏற்றி, அதன் மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, சட்டியைப் பழைய கம்பளியால் சுற்றினாள். அதுதான் அதுகளுக்குத் தாய். பெரிய கூடையொன்றை எல்லாவற்றுக்கும் மேல் மூடி, அடுக்களைப் படிக்குப் பக்கத்தில் வைத்தாள். குறுணலை ஊறவைத்து விரல்நுனியால் தரையில் தட்டித் தட்டிக் காட்டுவாள். தாய்க்கோழி அலகால் தட்டிக் காட்டுமே, அப்படி. சாணமும் உமியும் நிரப்பின பானையைக் கொல்லையில் கவிழ்த்துவைத்துக் கறையான் பிடித்துக் கொடுத்தாள். சில நாட்களில் ஒன்பதும் அவள் கால்களுக்கிடையில் ஓடத் தொடங்கின. அவள் கிணற்றடிக்குப் போனால் ஒன்பதும் கிணற்றடிக்கு. அடுக்களைக்கு வந்தால் ஒன்பதும் படிக்கு.

பருந்து தூக்காமல் இருக்கச் சாயம் பூசினால் நல்லது என்று வீட்டுக்காரர் சொன்னார். செல்லம் சாயப்பொடி கரைத்து எல்லாவற்றையும் ரோஸ் நிறமாக்கினாள். காலேஜ் சிநேகிதிகள் பார்க்க வந்தார்கள். அன்று மாலை செல்லம் என்னிடம் குறைப்பட்டாள்.

"அப்பா, அம்மா என் சிநேகிதிங்ககிட்ட, 'இருங்கோ பிள்ளையள், கதைப்பம்'னு சொன்னாங்க. அதுங்க ஏதோ கதை சொல்லப்போறாங்கன்னு வரிசையா உட்கார்ந்துடுச்சுங்க."

உள்ளேயிருந்து பூரணத்தின் குரல் வந்தது. "கதை சொன்னன்தானே. தாயில்லாத கோழிக்குஞ்சின்ரை கதை. வாயைத் திறந்துகொண்டு கேட்டுதுகள்."

செல்லம் சிரித்தாள். எங்கள் பேச்சை அவள் இப்போது சிரிப்பதற்கு மட்டும்தான் எடுக்கிறாள். படிப்பு முடிந்ததும் இங்கேயே உபாத்தியாயினி வேலைக்குப் போவதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். தாயிடம் நான் சொல்ல வேண்டுமாம். அதையும் கிடப்பில் வைத்திருந்தேன்.

3

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. ரோஸ் நிறம் உதிர்ந்து, அடியிலிருந்து கறுப்பும் செம்மையும் புள்ளியுமாக உண்மை நிறம் வந்தது. கூடை போதவில்லை. கொல்லையில் கூடு கட்ட வேண்டும் என்றாள் பூரணம். கன்னியப்பன் வந்து அளவெடுத்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இன்னா சாமி, காலு நட்டுடலாமா, சும்மா நிக்க வச்சுட்டுப் போவட்டா?"

"எது நல்லது?"

"நட்டா காத்து மழைக்கு அசையாது. சும்மா நிக்க வச்சா, பெருச்சாளி அடியில பூந்துகினு வந்துடும். ஆனா ஊடு மாத்தினா தூக்கினு போவலாம். நீ இன்னா ஊடு மாத்தப் போறியா?"

பூரணம் அடுக்களைப் படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"வாடகைப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்" என்றேன். தப்பிக்கிறவனுக்குப் பத்திரத்தைப் போன்ற மறைவிடம் வேறில்லை. "நிலத்தில் எதையும் ஊன்றக்கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது."

"உந்த நிபந்தனையைப் பெருச்சாளி வாசிக்குமோ?" என்று கேட்டாள் பூரணம்.

வீட்டுக்காரர் அருளப்பர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய குடும்பம் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து சாந்தோமில் ஒரே தெருவில் இருக்கிறது. வீடு மாற்றுவது என்ற எண்ணமே அந்த வம்சத்தில் யாருக்கும் வந்ததில்லை. அவருக்கு முறைப்படி ஒரு மனு எழுதி, கூட்டின் படத்தையும் வரைந்து இணைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோழிக்கூடு கட்டறதுக்கு மனுவா? மாதா கோயிலா சார் கட்டப்போறீங்க?"

"பத்திரத்தில் ஒரு நிபந்தனை..."

"பத்திரம் நீங்களே எழுதிக் கொண்டாந்தது. நான் எங்க படிச்சேன்? கையெழுத்துப் போடற இடத்தைக் காட்டினீங்க, போட்டேன்." பிறகு சிரித்துக்கொண்டே, "நல்லா ஆழமா நட்டுக்குங்க சார். நீங்க போகப்போறதில்லைன்னு எனக்கும் ஒரு நிம்மதி" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்த நிபந்தனையைப் போட்டவன் நான். வந்த புதிதில், நாங்கள் இங்கே வேரூன்ற வரவில்லை என்று யாருக்கோ நிரூபிக்க வேண்டியிருந்தது போலும். என் பென்சன் காகிதத்திலும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கொரு முறை ஒரு கௌரவ மாஜிஸ்திரேட்டின் முன் போய் நின்று, நான் உயிரோடிருக்கிறேன் என்று சான்று வாங்கி அனுப்ப வேண்டும். போன முறை அவர் தலையை நிமிர்த்தாமலே கையெழுத்திட்டார். எனக்கே சற்றுச் சந்தேகம் வந்தது. அந்தக் காகிதத்தில் நிரந்தர விலாசம் என்று ஒரு கட்டம், தற்காலிக விலாசம் என்று ஒரு கட்டம். மயிலாப்பூரை இத்தனை வருஷமும் இரண்டாவது கட்டத்தில்தான் எழுதி வருகிறேன். பூரணம் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவள் உயிரோடிருப்பதற்கு யாரும் சான்று கேட்பதில்லை.

அனுமதியைப் பூரணத்திடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "எண்டாலும் நடவேண்டாம். நாங்கள் ஊருக்குப் போறபோது தூக்கிக்கொண்டு போகலாம்" என்றேன்.

பாய்மரக் கப்பலில் கோழிக்கூட்டை ஏற்றுகிறவனைப் பார்க்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

4

அந்த ஒரு வாரத்தில்தான் நான் மாம்பலத்துக்குப் போய்வந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்கிறேன். இங்கே மயிலாப்பூருக்கு மேற்கே பெரிய ஏரி ஒன்று இருந்தது. அதைத் தூர்த்து, தெருவெட்டி, மனை போட்டுத் தியாகராய நகர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நேற்று வரை நாரை நின்ற இடத்தில் இன்று வக்கீல் வீடு நிற்கிறது. பென்சன்காரர்கள் மாலையில் கூட்டமாகப் போய் மனை பார்த்துவிட்டு வருவது இங்கே ஒரு பொழுதுபோக்கு. நானும் சும்மா பார்க்கத்தான் போனேன். முதல் தடவை சும்மா. இரண்டாம் தடவை தரகரோடு. மூலை மனை, கிழக்கு வாசல், பத்திரம் சுத்தம். பின்புறம் ஒரு வேப்பமரம்கூட நின்றது.

ஏன் போனேன் என்று நேர்மையாகச் சொல்ல முயல்கிறேன். மகளின் படிப்பு என்பது சொல்லுவதற்கு வசதியான காரணம். ஊருக்கு வந்தால் நான் என் தமையனுக்குத் தம்பி, சின்னம்மாவுக்குப் பெறாமகன், எல்லை வேலித் தகராறில் ஒரு கட்சி. இங்கே நான் மாலையில் லஸ் முனையில் டிராமை விட்டு இறங்கி நூல்நிலையத்துக்குப் போனால், "வாங்கோ சிலோன்காரரே, உங்காத்துல எல்லாரும் சௌக்கியமா? உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கோம்" என்று ஐயங்கார் ஒருவர் நகர்ந்து இடம் விடுகிறார். யாருக்காவது மேல்முறையீடு எழுத வேண்டுமானால் என்னிடம் வருகிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. பூரணத்துக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டால், அவளுக்கு ஊரில், உடுவிலில், ஒரு தங்கச்சி இருக்கிறாள். இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு இருக்கிறது. இங்கே அவளோடு பேச மரியம்மாள் இருக்கிறாள், காலையில் மட்டும்.

மனை பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. நிச்சயமான பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். நிச்சயமாகாத விஷயத்தை மேலே அனுப்பக்கூடாது என்பது அலுவலக முறை.

5

கன்னியப்பன் சனிக்கிழமை காலையில் வந்தார். சட்டம் கோத்தார், கம்பிவலை அடித்தார், நடுவில் குஞ்சுகள் ஏறி உட்காரக் கழி பொருத்தினார். மத்தியானம் வரை வேலை ஒழுங்காக நடந்தது. பிறகு முற்றத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

"சாமி, பின்சொவத்துக்கும் கதவுக்கும் பலகை பத்தல. மரவாடிக்குப் போய்த்தான் ஆவணும். இன்னிக்கு மூடியிருப்பான்."

"திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றேன். எதையும் திங்கட்கிழமைக்குத் தள்ளுவதில் எனக்கு அப்பியாசம் உண்டு.

"பொறு தம்பி" என்று பூரணத்தின் குரல் கேட்டது. உள்ளறையில் ஏதோ கனமான சாமான் தரையில் இழுபடும் சத்தம். நான் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தைப்பிங்கில் ஒரு சீனத் தச்சன் செய்தது. மூலைகளுக்குப் பித்தளைப் பூண். மூடியில் வெள்ளை வர்ணத்தில் என் பெயர், அதன் கீழே பெரிய எழுத்தில் யாழ்ப்பாணம். கப்பலில் எங்கள் சாமான்கள் பல பெட்டிகளில் வந்தன. மற்றதையெல்லாம் இங்கே வந்து பிரித்தோம். இதை மட்டும் பூரணம் பிரிக்கவில்லை. ஊர் வீட்டுக்கென்று வாங்கின குத்துவிளக்கு, தங்கச்சிக்கு எடுத்த சேலைகள், பீங்கான் கோப்பைகள். "அங்கை போய்ப் பிரிக்கிறதை இஞ்சை ஏன் பிரிப்பான்?" என்பாள். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து, கறையான் இருக்கிறதா என்று பார்த்து, வேப்பிலை மாற்றிவிட்டுத் திரும்ப மூடுவாள்.

இப்போது அது காலியாக இருந்தது. விளக்கும் சேலைகளும் கட்டிலின் மேல் அடுக்கியிருந்தன.

அவள் இழுக்க, நான் தடுப்பதா உதவுவதா என்று தெரியாமல் பின்னால் நடக்க, பெட்டி முற்றத்துக்கு வந்தது. கன்னியப்பன் குந்தி உட்கார்ந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"யம்மா, இது இன்னா மரம்? இரும்பாட்டம் கீது! இத்தப் போயி கோழிக்கு ஒடைக்கச் சொல்றியே?"

"உடை தம்பி."

"பூரணம்" என்றேன். "அது ஊருக்குக் கொண்டுபோற பெட்டியல்லோ?"

"பெட்டி மட்டும் போனால் காணுமோ? கூடப் போக ஆக்கள் வேணுமல்லோ."

"நான்தான் சொன்னன், வாற வைகாசி..."

அவள் குரலை உயர்த்தவில்லை. கன்னியப்பனுக்கு எதிரே பேசுகிறோம் என்ற கூச்சமும் இல்லை. பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இந்தப் பக்கமெல்லாம் மணல். கடற்கரைக்குப் போனாலும் மணல், கோயிலுக்குப் போனாலும் மணல். போன கிழமை ரெண்டு தரம் உங்கடை செருப்பிலை ஏரிக்களி ஒட்டியிருந்தது. கழுவினது நான்தானே. மாம்பலத்துக்குப் போறதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி தேவையில்லை."

 சும்மா பார்க்கத்தான் போனேன் என்று வாய் வரை வந்தது. அது பொய்யென்று மூன்று பேருக்கும் தெரிந்துவிடும் போலிருந்தது.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உளியை எடுத்துப் பூணுக்கடியில் கொடுத்தார். பித்தளை நெம்பும் சத்தம் சற்று நேரம் கேட்டது.

"காலை நட்டு விடு தம்பி" என்றாள் பூரணம். "ஆழமா நடு."

6

குஞ்சுகளை அன்று பொழுது சாயும்போதே கூட்டில் விட்டாள். அரைத் தூக்கத்தில் விட்டால் இடம் மாறினது அவ்வளவாகத் தெரியாது என்பது நம்மூர் முறை. முதல் சில நாட்கள் வெளியே திறந்துவிடக்கூடாது. உள்ளேயே தீனி, உள்ளேயே தண்ணீர். அப்போதுதான் இது தன் வீடு என்று அதற்குப் படியும். பிறகு திறந்துவிட்டால் மாலையில் தானாகவே திரும்பி வந்து அடையும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஒன்பதும் கம்பிவலைக்குள்ளிருந்து கத்தின. அடுக்களைப் படியை நோக்கித்தான் கத்தின. பூரணம் உள்ளே நின்று சமைத்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை. வந்தால் இன்னும் கத்தும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சாய்வு நாற்காலியைத் தெருப்பக்கம் மாற்றிப் போட்டேன். அங்கும் கேட்டது. மறுநாள், வழக்கத்துக்கு மாறாகப் பிற்பகலில் வந்த மரியம்மாளுக்கு அவள் மரவள்ளிக்கிழங்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நான் போய்க் கூட்டைத் திறந்துவிட்டேன். யாரையோ விடுதலை செய்கிறவன் போல.

குஞ்சுகள் மேய்ந்தன, மணலைக் கிளறின, நன்றாகத்தான் இருந்தன. மரியம்மாள் தன் சேவற்குஞ்சை அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு, "வளரட்டும் யம்மா, வந்து எடுத்துக்கினு போறேன்" என்று கிளம்பினாள். வெளிச்சம் மங்கியதும் ஒன்பதும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. கூட்டுக்குப் போகவில்லை. அதைக் கடந்து அடுக்களைப் படிக்கு வந்து, பழைய கூடை இருந்த வெறும் தரையில், அந்த வட்ட அடையாளத்துக்குள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. கூடை இல்லை, சட்டி இல்லை, லாம்பு இல்லை. சரியாக அந்த வட்டம்.

பூரணம் வாசலில் வந்து நின்று பார்த்தாள். செல்லமும் எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம், அதுங்களுக்கு இன்னும் பழைய வீடுதான் ஞாபகம்" என்றுவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

"நான் திறந்தன்" என்றேன்.

"தெரியும்."

"பூரணம், நான் அந்தத் தரகனிட்டை வேண்டாமெண்டு சொல்லுறன். வைகாசி வேண்டாம். சித்திரையிலையே போவம். உண்மையாத்தான் சொல்லுறன்."

உண்மையாகத்தான் சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.  ஒரு கணம் அவள் முகம், தேதி கேட்ட பழைய நாட்களின் முகமாக மாறியது என்று நினைக்கிறேன். நினைக்க விரும்புகிறேனோ என்னவோ.

"செல்லம் வரமாட்டாள்" என்றாள். "எனக்குச் சொல்லவேண்டாமெண்டு உங்களிட்டைச் சொல்லியிருப்பாள். அவளைத் தனிய விட்டிட்டு என்னெண்டு போறது?" பிறகு தரையைக் காட்டினாள். "இதுகளையும் ஆர் பார்க்கிறது? ஒருக்கா இடம் மாத்தினதே காணும். இன்னொருக்கா மாத்தினால் தாங்காதுகள்."

நான் குனிந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் உதவவில்லை. கையில் எடுத்தால் குஞ்சின் இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை நாளும் நான் அவற்றைத் தொட்டதே இல்லை. ஒன்று கையை நழுவிப் படிக்கே திரும்பி ஓடியது. அதையும் பிடித்துக் கொண்டுவந்தேன்.

கூட்டுக்குள் குனிந்து பார்த்தேன். கன்னியப்பன் பெட்டியின் மூடியைப் பின்சுவராக அடித்திருந்தார், வர்ணம் பூசின பக்கத்தை உட்புறமாக வைத்து. அவருக்கு எழுத்துத் தெரியாது. யாழ்ப்பாணம் என்ற வெள்ளை எழுத்து தலைகீழாக நின்றது. கடைசிக் குஞ்சையும் விட்டதும் எல்லாம் நகர்ந்து நகர்ந்து அந்தப் பலகையோடு ஒட்டிக்கொண்டன. ஊரில் பாதியை அவை மறைத்துவிட்டன.

நான் எழுந்து விலகி, தாழ்ப்பாள் போட அவளுக்கு வழிவிட்டேன். இரவில் எல்லாக் கதவுகளையும் தாழிடுவது அவள் வேலை, கல்யாணமான நாளிலிருந்து.

அவள் படியிலிருந்து இறங்கவில்லை.

"நீங்களே போடுங்கோ" என்றாள்.

போட்டேன். புதுத் தாழ்ப்பாள், சத்தமில்லாமல் இறங்கிப் பொருந்தியது. போட்டுவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பிறகு பின்பக்கத்து மதில் கதவுக்குப் போய் அதையும் இழுத்துப் பார்த்தேன்.